ஈரக்காட்டுக்குப் போகும் பஸ்

புது உலகம் ஒன்று வரப்போகிறது என்று முதலாளி ஜெயச்சந்திரன் அறிவித்த அன்று, மாரிசெல்வி அந்த உலகத்தில் குடியேறிப் பதினோரு வருஷம் ஆகியிருந்தது.

2022 தை மாதம். மதுரையில் ஒரு பெரிய ஓட்டலில் நடந்த கூட்டத்துக்குப் போய்விட்டு வந்திருந்தார் அவர். திருத்தங்கலில் அவருடைய பிரஸ்ஸில் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் அடிப்பார்கள். மாரிசெல்வி அங்கே டிசைன் பிரிவில் மூத்தவள். கார் சாவியை இன்னும் கையில் சுழற்றிக்கொண்டே நேராக அவள் மேஜைக்கு வந்தார்.

"ஏம்மா மாரிசெல்வி, மெட்டாவெர்ஸ்னு கேள்விப்பட்டிருக்கியா? கம்ப்யூட்டருக்குள்ள ஒரு ஊரும்மா. நாம அங்கன பொம்மையா நடமாடலாமாம். கடை போடலாமாம். அமெரிக்காவுல இருக்கிறவன் நம்ம கடைக்குள்ள வந்து பெட்டியத் தூக்கிப் பாக்கலாமாம்!"

"அப்படியா அண்ணாச்சி?" என்றாள் மாரிசெல்வி. சிரிப்பு வந்துவிடக் கூடாதென்று மானிட்டரைத் துடைப்பதுபோலக் குனிந்துகொண்டாள்.

"அம்புட்டும் புதுசும்மா. உலகமே மாறப்போகுதுங்கான்."

அவர் போன பிறகும் அவள் கொஞ்ச நேரம் மானிட்டரைத் துடைத்துக்கொண்டுதான் இருந்தாள்.

மாரிசெல்விக்குச் சொந்த ஊர் எம். புதுப்பட்டி. அம்மா குருவம்மாள் பட்டாசு ஆலையில் திரி வேலை பார்த்து மகளை டிப்ளமோ படிக்க வைத்தாள். படித்து முடித்ததும் இந்த பிரஸ்ஸில் சேர்ந்தாள். புஸ்வாணப் பெட்டி லேபிளில் பூப்பொறி நிஜம்போலத் தெரியவேண்டும் என்று ஜெயச்சந்திரனுக்கு ஒரு ஆசை. அதற்காகவே கிராபிக்ஸுக்குத் தோதான ஒரு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டார். இலவசமாகக் கிடைத்த ஒரு முப்பரிமாண மென்பொருளை இறக்கி, கேட்பாரும் சொல்லித்தருவாரும் இல்லாமல் தானாகவே கற்றுக்கொண்டாள் மாரிசெல்வி. அந்த மென்பொருள்காரர்கள் கூடிப் பேசும் இணையப் பக்கத்தில்தான், 2011இல் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், யாரோ போட்டிருந்த ஒரு இணைப்பைச் சொடுக்கினாள். திரை இருண்டு வெளிச்சமானபோது அவள் ஒரு புல்வெளியில் நின்றிருந்தாள்.

அதை அங்கே இருந்தவர்கள் கிரிட் என்றார்கள். அதற்கு முதலாளி கிடையாது. ஆளாளுக்குத் தங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு துண்டு நிலம் வைத்திருந்தார்கள். மலையோ கடலோ மாளிகையோ, அவரவர் இஷ்டம். ஒருவர் நிலத்திலிருந்து இன்னொருவர் நிலத்துக்குப் போக வாசல் உண்டு. எல்லாரும் சேர்ந்து பேசி முடிவு செய்த சில விதிகளின்படி வாசலைக் கட்டினால் போதும், பிரேசிலில் இருக்கிற வாத்தியார் ஒருத்தரின் காட்டுக்குள்ளிருந்து நடந்தே ஜப்பான்காரியின் கோயிலுக்குள் போய்விடலாம். யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. அந்த ஏற்பாடுதான் மாரிசெல்வியை அங்கே கட்டிப்போட்டது. தனக்கென்று ஒரு நிலத்தை உண்டாக்கினாள். பார்க்கிற பக்கமெல்லாம் கரிசல் வெடித்துக் கிடக்கிற ஊரில் பிறந்தவள், அதற்கு ஈரக்காடு என்று பேர் வைத்தாள். எப்போதும் தூறல். வாய்க்கால் நிறையத் தண்ணீர்.

முதல் தடவை வாசல் தாண்டிப் போனபோது அவளுடைய பொம்மை மொட்டைத் தலையோடு போய் நின்றது. எல்லையில் முடி கழன்று அந்தப் பக்கமே நின்றுவிட்டது. போன இடத்தில் ஒரு ஆள் ஏணி மேல் நின்று தெருவிளக்குகளுக்கு ஒயர் இழுத்துக்கொண்டிருந்தார். பேர் ஆங்கில எழுத்தில் பெத்தன்77 என்றிருந்தது. பின்லாந்துப் பக்கத்துக்காரர் போலும் என்று நினைத்தாள்.

"உங்கள் முடியைச் செக்போஸ்டில் பிடித்து வைத்திருக்கிறார்கள். எல்லாருக்கும் இப்படித்தான். வருந்த வேண்டாம்" என்று ஆங்கிலத்தில் தட்டினார் அவர்.

மேரி எஸ் என்ற பேரில் இருந்த அவளை அவர் அமெரிக்காக்காரி என்று நினைத்திருந்தது பின்னால்தான் தெரிந்தது. ஐந்து மாதம் இரண்டு பேரும் உடைந்த ஆங்கிலத்தில் ஒருவருக்கொருவர் மரியாதை காட்டிக்கொண்டார்கள். சனிக்கிழமைதோறும் ஐந்து மணிக்கு ஷிப்டு முடிந்ததும், டீக்கடையில் ஒரு வடையை வாங்கிக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு வந்து மாரிசெல்வி உட்கார்ந்துவிடுவாள்.

அந்த வருஷங்களில் கரண்டு கட் கொடுமையாக இருந்தது. சாயங்காலம் ஆறு மணிக்குச் சொல்லிவைத்தாற்போல் போகும். பிரஸ்ஸில் பேட்டரியும் ஜெனரேட்டரும் இருந்ததால் அவள் கம்ப்யூட்டர் அணையாது. வெளியே ஜெனரேட்டர் உறுமத் தொடங்கும் அதே நேரத்தில் பெத்தன்77 பேசிக்கொண்டிருந்த பாதி வாக்கியத்தில் அப்படியே உறைந்து மறைந்துபோவார். ஒரு வாரம் பார்த்தாள். இரண்டாவது வாரம் பார்த்தாள். மூன்றாவது வாரம் ஐந்தே முக்காலுக்கே கேட்டுவிட்டாள்.

"நீங்கள் எந்தப் பக்கம்?"

"தெற்கே."

"எதற்குத் தெற்கே?"

அவர் தட்டுவதும் அழிப்பதும் தெரிந்தது. பிறகு, "மதுரைக்கு" என்று வந்தது.

திருத்தங்கலோடு சேர்ந்து ஆறு மணிக்குக் கரண்டு போகிற ஊர்கள் எவை என்று அவளுக்குத் தெரியும். அவள் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டினாள். "ராஜபாளையமா, ஆலங்குளமா?"

"ஏலே, யார்ரா நீ?" என்று பாய்ந்து வந்தது பதில். அவள் பேரையும் ஊரையும் சொன்னாள். உடனே அடுத்த வரி வந்தது. "அய்யய்யோ மன்னிச்சிருங்க. நம்ம சேக்காளி எவனோ விளையாடுதான்னு நெனச்சிட்டேன். நான் பெத்தணன். சிமெண்ட் பேக்டரியில எலெக்ட்ரீசியன்." அதற்குள் ஆறு மணியாகிவிட்டது. கரண்டு போனது. மாரிசெல்வி தனியாக உட்கார்ந்து கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். ஆலங்குளம் அங்கிருந்து ஒரு பஸ் தூரம்.

இரண்டு வருஷம் கழித்து அந்த பஸ்ஸில்தான் பெத்தணன் வெற்றிலை பாக்கு பழத்தோடு எம். புதுப்பட்டிக்குப் பெண் கேட்டு வந்தார். குருவம்மாள் மகளை உள்ளே இழுத்துப்போய், "பொட்டிக்குள்ள மாப்பிள்ள பாத்தவ இந்த ஜில்லாவுலயே நீ ஒருத்திதான்டி" என்றாள். பிறகு வெளியே வந்து, மகள் சொல்லியிருந்த மொட்டைத் தலைக் கதையை மனசில் வைத்து, வந்தவரின் தலையை நன்றாக உற்றுப் பார்த்துவிட்டு, "முடியெல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்றாள். ஒன்றும் புரியாமல் பெத்தணன் தலையைத் தடவிக்கொண்டார்.

கல்யாணத்துக்கு மறுவாரம் ஈரக்காட்டில் ஒரு வரவேற்பு நடந்தது. ஏழு தேசத்திலிருந்து பத்தொன்பது பேர் வந்தார்கள். அவர்களை ஏற்றிக்கொண்டு வந்தது ஹென்றிக்கின் பஸ்.

ஹென்றிக் நெதர்லாந்தில் நிஜமாகவே டவுன் பஸ் ஓட்டுகிறவர். கிரிட்டில் மற்றவர்கள் கோட்டையும் டிராகனும் செய்துகொண்டிருந்தபோது இந்த மனுஷன் ஒரு மஞ்சள் பஸ் செய்தார். பதினோரு பேருடைய நிலங்களை இணைத்து ஒரு ரூட் போட்டார். ஒவ்வொரு நிறுத்தமும் ஒரு தேசத்தில், ஒரு வீட்டுக் கம்ப்யூட்டரில். சனிக்கிழமைதோறும் பஸ் புறப்படும். "வேலையிலும் பஸ், வீட்டிலும் பஸ்ஸா? அலுக்கவில்லையா?" என்று மாரிசெல்வி ஒருமுறை கேட்டாள். "இங்கே எல்லாரும் ஓட்டுநரோடு பேசுகிறார்கள்" என்று பதில் எழுதினார்.

ஆனால் எல்லை தாண்டும்போதெல்லாம் அந்த பஸ் மானத்தை வாங்கும். ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்குள் நுழையும்போது பயணிகள் பாதிப்பேர் வெளியே தெறித்து விழுவார்கள். ஒருவருக்குச் செருப்பு வராது, ஒருவருக்குச் சட்டை வராது. இதைச் சரிசெய்வது எப்படி என்று அந்தக் கூட்டத்தார் மின்னஞ்சலில் இரண்டு வருஷம் சண்டை போட்டார்கள். எல்லை தாண்டுகிறவன் தன் உடைமைகளை எப்படிக் கூடக் கொண்டுபோக வேண்டும், இந்தப் பக்கத்து நிலம் என்ன கேட்க வேண்டும், அந்தப் பக்கத்து நிலம் என்ன சொல்ல வேண்டும் என்று பெத்தணன் பதினாலு பக்கத்துக்கு ஒரு குறிப்பு எழுதினார். பேக்டரி ஷிப்டு முடிந்து வந்து, சிமெண்ட் தூசியைக் கழுவிவிட்டு, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதியது. மாரிசெல்வி அதற்குப் படங்கள் வரைந்து கொடுத்தாள். அவர்களாக எழுதி, அவர்களாகச் சண்டை போட்டு, அவர்களாக ஒத்துக்கொண்டார்கள். வெளியே ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது.

அந்தச் சனிக்கிழமைகளைப் பின்னால் நினைக்கும்போது மாரிசெல்விக்கு முதலில் ஞாபகம் வருவது திரையில் கண்டது எதுவும் இல்லை. பிரஸ்ஸின் மை வாசனை, ஆறிப்போன வடை, அடுத்த அறையில் கட்டிங் மிஷின் ஓய்ந்த பிறகு வரும் அமைதி. அந்த அமைதிக்குள் பத்துப் பன்னிரண்டு பேர் ஒரு பஸ்ஸில் உட்கார்ந்து அவரவர் ஊர் மழையைப் பற்றிப் பேசுவார்கள். ஹென்றிக் மேகங்களின் பேரைச் சொல்லிக்கொடுப்பார். அவள் மழை இல்லாததைப் பற்றிப் பேசுவாள்.

பிறகு அது மெல்லக் கரைந்தது. சண்டை சச்சரவு எதுவும் இல்லை. எல்லார் கைக்கும் போன் வந்தது. கிரிட் போனில் வராது. பிரேசில் வாத்தியார் வருவது நின்றது, ஜப்பான்காரியின் கோயில் ஒருநாள் இல்லாமல் போனது. மாரிசெல்விக்கு மகள் பிறந்தாள். 2017 வாக்கில் ஹென்றிக் மட்டும் காலி பஸ்ஸை ஓட்டிக்கொண்டிருந்தார். அப்புறம் அதுவும் இல்லை. ஈரக்காடு வீட்டு அலமாரியில் ஒரு பழைய கம்ப்யூட்டரில் தூறிக்கொண்டே கிடந்தது.

ஜெயச்சந்திரன் மதுரைக் கூட்டத்திலிருந்து திரும்பி வந்தது இந்த நிலையில்தான். கூட்டத்தை நடத்தியவர் சபரிநாதன். விருதுநகர்க்காரர், சென்னையில் கம்பெனி வைத்திருந்தார். சிவகாசிப் பட்டாசுக் கம்பெனிகள் அத்தனைக்கும் சேர்த்து கம்ப்யூட்டருக்குள் ஒரு நகரம் கட்டப்போவதாகச் சொன்னார். ஒரு மாதத்துக்குள் இருபது கம்பெனிகள் கடைக்கு இடம் பிடித்தன. எந்த டீக்கடையில் நின்றாலும் அதே பேச்சு. மெட்டாவெர்ஸ் மார்க் என்று ஒருத்தர் மத்தாப்புக்கே பேர் வைத்தார். அந்த லேபிளையும் மாரிசெல்விதான் டிசைன் செய்தாள்.

சபரிநாதன் கிரிட் பற்றித் தெரிந்த ஆட்களைத் தேடினார். பழைய மின்னஞ்சல் குழுவில் பெத்தணனின் பதினாலு பக்கக் குறிப்பு கண்ணில் பட்டிருக்கிறது. எழுதியவன் ஆலங்குளத்தில் இருக்கிறான் என்று அறிந்ததும் நேரிலேயே வந்துவிட்டார். பெத்தணன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"வெளிய போக வாசல் இருக்குமா? உள்ள கட்டுன பொருளைத் தூக்கிக்கிட்டு வேற ஊருக்குப் போக முடியுமா?"

"என்ன இப்படிக் கேட்டுட்டீக? ஓப்பன்தாங்க நம்ம உயிரே. அதுக்குத்தானே உங்களத் தேடி வந்தேன்" என்றார் சபரிநாதன்.

பத்து வருஷத்துக்கு முன் பெத்தணன் தனியாக உட்கார்ந்து எழுதியதை அச்செடுத்து, அடிக்கோடிட்டுக் கையோடு கொண்டுவந்திருந்தார் அவர். பெத்தணன் அந்தத் தாள்களையே பார்த்துக்கொண்டிருந்ததை மாரிசெல்வி கவனித்தாள். சம்பளமில்லா விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டு அவர் சென்னைக்கு பஸ் ஏறினார். வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. அவளுக்கும் உள்ளுக்குள் ஒரு ஆசை இருந்தது. பழைய சனிக்கிழமைகள் ஒருவேளை பெரிதாகத் திரும்பி வரலாம், உலகமே அந்த பஸ்ஸில் ஏறலாம் என்று.

ஜெயச்சந்திரனின் கடையை அவள் நான்கு மாதம் கட்டினாள். பதினைந்து வருஷமாகத் தான் வரைந்த லேபிள்கள் எல்லாவற்றையும் பெட்டிகளாகச் செய்து அடுக்கினாள். எல்லாவற்றையும் அவர்கள் கொடுத்த கருவிக்குள்ளேயேதான் செய்யவேண்டும். வெளியே எடுத்து வைக்க ஒரு பொத்தானும் இல்லை. போனில் பெத்தணனைக் கேட்டால், "அடுத்த கட்டத்துல வருதாம்" என்பார். அடுத்த மாதமும் அதையேதான் சொன்னார். சொல்லும் குரல் மட்டும் மாதத்துக்கு மாதம் தணிந்துகொண்டே வந்தது.

அந்தத் தீபாவளிக்கு நகரம் திறந்தது. நகரத்தைக் கண்ணுக்கு முன்னால் காட்டும் கண்ணாடிப் பெட்டியைத் தலையில் மாட்டிக்கொண்டு ஜெயச்சந்திரன் தன் கடைக்குள் நுழைந்தார். "ஏயப்பா! ஏயப்பா!" என்று சொல்லிக்கொண்டே நடந்தவர் நிஜ பீரோவில் முட்டி நெற்றியை வீங்க வைத்துக்கொண்டார். அப்போதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். முதல் வாரம் கூட்டம் வந்தது. இரண்டாவது வாரம் சிவகாசிக்காரர்கள் ஒருவர் கடையை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பொங்கலுக்கு அப்புறம் அந்தத் தெருவில் ஆள் அரவமே இல்லை.

2023 சித்திரையில் ஒரு வெள்ளிக்கிழமை பெத்தணன் போன் செய்தார்.

"செல்வி, நம்ம ஸ்லைடு எல்லாத்துலயும் மெட்டாவெர்ஸ்ங்கிற வார்த்தைய அழிச்சிட்டு ஏஐன்னு போடச் சொல்லிட்டாக. படம் அதேதான். வார்த்த மட்டுந்தான் வேற."

"நகரம் என்ன ஆகும்?"

"ஒரு மாசத்துல சர்வரை நிப்பாட்டுதாக. நாலு மாசம் குடுங்க, நான் ஒத்தையில வாசலைக் கட்டித் தாரேன், அவுகவுக பொருளை அவுகவுக எடுத்துக்கிடட்டும்னு கேட்டேன். சபரிநாதன் என் தோள்ல கை போட்டு, 'அண்ணே, அந்த அலை போயிருச்சுண்ணே'ங்காரு."

ஒரு தோள்பையோடு அவர் திரும்பி வந்தார். பேக்டரி வேலைக்குப் போனார், வந்தார், சாப்பிட்டார். அலமாரிக் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பவில்லை. தன் பேரைப் பார்த்து நம்பித்தான் பழைய ஆட்கள் இரண்டு மூன்று பேர் அந்த நகரத்துக்கு வந்து வேலை செய்தார்கள் என்பது அவரை அரித்துக்கொண்டிருந்தது. மாரிசெல்விக்கும் வருத்தம் இருந்தது. பதினைந்து வருஷ லேபிள்களை அடுக்கிய அந்தக் கடை போயிருந்தது. லேபிள்களின் மூலப்படங்கள் பிரஸ்ஸில் இருந்தன, ஆனால் நான்கு மாத உழைப்பு போனது போனதுதான்.

"என் கடை எங்கம்மா?" என்று ஒருநாள் வந்து நின்றார் ஜெயச்சந்திரன்.

"அழிச்சிட்டாக அண்ணாச்சி. அவுக கருவியில செஞ்சது அவுக இடத்துல மட்டுந்தான் திறக்கும்."

அவருக்கு விளங்கவில்லை. "அதெப்படிம்மா? நாம அனுப்புற பிடிஎஃப்பை சிவகாசியில எந்தப் பிரஸ்காரனும் ஓட்டுவானே? என் மிஷினுல மட்டுந்தான் ஓடும்னு நான் சொன்னா எவனாவது என்கிட்ட ஆர்டர் குடுப்பானா?"

"இதத்தான் அண்ணாச்சி எங்க வீட்டுக்காரர் பத்து வருஷமா சொல்லுதாரு."

ஜெயச்சந்திரன் நெற்றியைத் தடவிக்கொண்டார். "அப்போ அவர எதுக்கும்மா நான் ஒரு வார்த்த கேக்கல?" என்றார் பாவமாக.

அடுத்த வருஷம் ஐப்பசியில், தீபாவளி சீசன் லோடு எல்லாம் போய்ப் பிரஸ் ஓய்ந்திருந்த ஒரு நாள், மாரிசெல்விக்கு நெதர்லாந்திலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. எழுதியவர் ஹென்றிக்கின் மகள். அப்பா கோடையில் இறந்துவிட்டார், அவருடைய கம்ப்யூட்டரில் ஒரு கோப்பும் அதன் மேல் ஒரு குறிப்பும் இருந்தன, அதில் உங்கள் இருவர் பேர் எழுதியிருந்தது, எங்களுக்கு இது என்னவென்றே தெரியவில்லை, இதை எப்படித் திறப்பது என்று கேட்டிருந்தார். பயணிகளில் யாராவது மிச்சம் இருந்தால் கொடுத்துவிடவும் என்பது ஹென்றிக்கின் குறிப்பு.

அவள் அதை வீட்டில் வாசித்துக் காட்டினாள். பெத்தணன் எழுந்து போய் அலமாரியைத் திறந்தார். பழைய கம்ப்யூட்டரைத் துடைத்து மேஜையில் வைத்தார்.

"ஏழு வருஷத்துக் கோப்புங்க. திறக்குமா?" என்றாள்.

"எப்படி எழுதணும்னு எல்லாருக்கும் தெரியும்படியாத்தானே எழுதி வச்சோம். திறக்காம எங்க போகும்?"

திறந்தது. முதலில் சாலை வந்தது. பிறகு வரிசையாக நிறுத்தக் கம்பங்கள். கடைசியாக மேகங்கள், அவர் பேர் சொல்லிச் சொல்லிக் காட்டிய அதே மேகங்கள், ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிறைந்தன. பஸ் பணிமனையில் நின்றிருந்தது. ஓட்டுநர் இருக்கையில் ஆள் இல்லை. பெத்தணன் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாரிசெல்வி அவர் முதுகில் கை வைத்தாள். 

மறுநாள் ஹென்றிக்கின் மகளுக்கு வழி எழுதி அனுப்பினார்கள். ஒரு வாரம் கழித்து அந்தப் பெண் உள்ளே வந்தாள். மாரிசெல்வி அவளை பஸ்ஸில் ஏற்றி ரூட் முழுக்கக் கூட்டிப்போனாள். பதினோரு நிறுத்தத்தில் நான்குதான் மிச்சம். மற்ற இடங்களில் எல்லை தாண்டினால் வெறும் கடல். "அப்பா சனிக்கிழமைகளில் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகச் சிரிப்பார். இதுதானா அது?" என்று எழுதினாள் அவள்.

அதன் பிறகு பெத்தணன் மெல்லப் பழைய பெத்தணன் ஆனார். மெட்டாவெர்ஸ் என்று யாரும் பேசாத காலம் வந்துவிட்டது. ஆனால் அந்தச் சத்தம் நடந்த வருஷங்களிலும், அது ஓய்ந்த பிறகும், எல்லா நிலத்துக்கும் பொதுவாக வாசல் விதிகளை எழுதுகிற ஒரு சின்னக் கூட்டம் மாதமொருமுறை கூடிப் பேசிக்கொண்டேதான் இருந்திருக்கிறது. பத்துப் பேர், சில மாதம் ஆறு பேர். அதில் போய்ச் சேர்ந்தார். ஒரே ஒரு சொல்லை எப்படி வைப்பது என்று மூன்று மணி நேரம் வாதாடிவிட்டு, ஷிப்டுக்கு நேரமாகிவிட்டதென்று சட்டையை மாட்டிக்கொண்டு ஓடுவார். சென்ற ஆனியில் அவருடைய பதினாலு பக்கத்தில் ஒன்றரைப் பக்கம் அந்தப் பொது விதியில் ஏறியது. பேரைப் பித்தணன் என்று அச்சிட்டிருந்தார்கள். குருவம்மாள் கேட்டுவிட்டு, "சரியாத்தான போட்டிருக்காக" என்றாள்.

ஜெயச்சந்திரனின் கடையை மாரிசெல்வி மறுபடி கட்டவில்லை. அவரும் கேட்கவில்லை. இப்போது அவர் ஏஐ கூட்டங்களுக்குப் போய்வருகிறார். போவதற்கு முன் மட்டும் பெத்தணனுக்கு ஒரு போன் போடுகிறார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் வாசலைத் திறந்து வைத்திருப்பது இப்போது அவர்கள் வழக்கம். பெரும்பாலும் யாரும் வரமாட்டார்கள். போன ஞாயிறு பெத்தணன் அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். மாரிசெல்வி வாய்க்கால் கரையில் ஒரு மரத்தின் இலைகளைத் திருத்திக்கொண்டிருந்தாள். வாசல் பக்கம் ஏதோ அசைந்தது. முன்பின் பார்த்திராத ஒரு பொம்மை உள்ளே வந்து தூறலில் நின்றது. எங்கிருந்து வந்தது என்று பார்த்தாள். கேள்விப்படாத நிலம்.

"யாராவது இருக்கிறீர்களா?" என்று கேட்டது அது.

"ஏங்க, யாரோ வந்திருக்காக" என்று அடுப்படியைப் பார்த்துக் குரல் கொடுத்தாள் மாரிசெல்வி.

"யாரு?"

"தெரியல. வாங்கன்னு சொல்லுதேன்" என்று சொல்லிக்கொண்டே தட்டத் தொடங்கினாள்.